எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம்

இந்த ஜூன் மாதம் எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி திறக்கப்படவில்லை. கடைசியாக இருந்த மூன்று பிள்ளைகளில் ஒருத்தி ஐந்தாம் வகுப்பு முடித்துப் போய்விட்டாள். மற்ற இருவரையும் பெற்றோர் வேறு பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். உபரி ஆசிரியர்களை வேறு பள்ளிகளுக்கு மாற்றும் பணி நிரவலில் தலைமை ஆசிரியருக்கு வேறு ஊர் கிடைத்தது. பீரோவையும் பதிவேடுகளையும் மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நடுநிலைப் பள்ளிக்கு ஏற்றிப் போனார்கள். நான் அந்தப் பள்ளியில் படித்தவள்; பிறகு அங்கேயே இடைநிலை ஆசிரியையாகவும் தலைமை ஆசிரியையாகவும் இருந்து ஓய்வு பெற்றவள். "பிள்ளைகள் இல்லை, மூடிவிட்டார்கள்" என்று எல்லோரும் ஒரே வரியில் முடித்துக்கொள்வதைக் கேட்கக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை.

ஊர் கோவில்பட்டிக்குக் கிழக்கே, கரிசல் காட்டுக்குள் இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் அன்றைய மாவட்ட நிர்வாக அமைப்பான ஜில்லா போர்டின் பள்ளியாக, ஓராசிரியருடன், ஊர்ச் சாவடியில்தான் வகுப்பு நடந்ததாம். கட்டடம் எழுப்ப ஒரு சம்சாரி, அதாவது விவசாயி, தன் புன்செய்யில் ஒரு துண்டை எழுதிக் கொடுத்தார். கரிசலில் கட்டடம் நிற்பது எளிதல்ல. மழைக்கு மண் உப்பும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். சுவரும் கூடவே பிளக்கும். அதனால் கரிசலை ஆழமாக வெட்டி எடுத்துவிட்டு, ஓடை மணலை மாட்டு வண்டிகளில் கொண்டுவந்து நிரப்பி, அதன் மேல் கல்லுக்கட்டு எழுப்பினார்கள். வீட்டுக்கு ஒரு வண்டி மணல் என்று முறை வைத்திருந்ததாக அப்பா சொல்வார். வண்டி இல்லாத வீட்டார் மண் சுமந்தார்கள். மணியாகத் தொங்கியது ஒரு தண்டவாளத் துண்டு.

1953இல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் அரை நாள் படிப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. மீதி நேரம் பிள்ளைகள் வீட்டுத் தொழில் பழக வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று கடுமையான எதிர்ப்பு எழுந்தது. 1954இல் முதலமைச்சரான காமராசர் அதைக் கைவிட்டார். 1956இல் மதிய உணவுத் திட்டம் பக்கத்து எட்டயபுரத்தில்தான் தொடங்கியது என்பதில் எங்கள் பகுதிக்காரர்களுக்கு இன்றும் பெருமை உண்டு. 1958 முதல், பொதுக்கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலுவின் முயற்சியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊரார் பள்ளிக்குப் பொருளும் பணமும் கொடுப்பது ஒரு வழக்கமாகவே ஆயிற்று. பிறகு பஞ்சாயத்து யூனியன்கள், அதாவது ஊராட்சி ஒன்றியங்கள், வந்ததும் பள்ளி அவற்றின் பொறுப்புக்குப் போனது. 1981 ஜூன் முதல் ஒன்றிய ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். பெயர்ப் பலகை மாறிக்கொண்டே இருந்தது. ஊர்க்காரர்களுக்கு என்றைக்கும் அது "நம்ம பள்ளிக்கூடம்"தான்.

பள்ளியில் நான் மிகவும் மதித்த பொருள் சேர்க்கைப் பதிவேடு. நீலத் துணி ஒட்டிய அட்டை, ஓரம் அரித்த தடித்த தாள். முதல் பக்கங்களில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு மே மாதமோ ஜூன் மாதமோ பிறந்த தேதி போட்டிருக்கும். பெற்றோருக்குத் தேதி தெரியாது. பிள்ளையின் கை தலைக்கு மேலாக வந்து மறுபக்கக் காதைத் தொட்டால் வாத்தியார் ஐந்து வயது என்று வைத்துக்கொண்டு, பின்னோக்கிக் கணக்கிட்டு எழுதிவிடுவார். அந்தத் தேதியில்தான் எங்கள் ஊரில் ஒரு தலைமுறையே வேலைக்குச் சேர்ந்து ஓய்வும் பெற்றது. முதல் பக்கத்தில் ஒரே ஒரு பெண் பெயர். தந்தையின் தொழில் என்ற கட்டத்தில் விவசாயம், விவசாயக் கூலி என்று இறங்கி வரும் எழுத்து, சில பக்கங்கள் கழித்துத் தீப்பெட்டித் தொழிலாளி என்று மாறும்; கடைசிப் பக்கங்களில் டிரைவர், பனியன் கம்பெனி.

நீங்கிய காரணம் என்றும் ஒரு கட்டம் உண்டு. 1970களிலும் 80களிலும் அதில் "நீண்ட நாள் வராமை" என்று வரிசையாக இருக்கும். பெரும்பாலும் மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்புப் பெண் பிள்ளைகள். விடியுமுன்னே ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் அவர்களை அள்ளிக்கொண்டு போகும். என்னோடு சிலேட்டைப் பகிர்ந்துகொண்டவள் தீக்குச்சி அடுக்கப் போனாள். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டம் வந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்தச் சட்டத்தைச் சொன்னால் யாரும் அசைய மாட்டார்கள். "மதியம் சோறு உண்டு, முட்டை போடுகிறார்கள், அனுப்புங்கள் அக்கா" என்று சொன்னால் யோசிப்பார்கள். வீடு வீடாகப் போய் அப்படிப் பிடித்து வந்த பெண்களில் சிலர் இன்று செவிலியர்கள். ஒருத்தி என்னைப் போலவே ஆசிரியை. இந்த ஊருக்குப் பள்ளிக்கூடம் என்ன செய்தது என்று கேட்பவர்களுக்கு நான் இவர்களைத்தான் காட்டுவேன்.

பிள்ளைகள் குறைந்தது உண்மைதான். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். அதோடு மானாவாரி வெள்ளாமையை நம்ப முடியாமல் இளம் குடும்பங்கள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டன. ஆனால் ஊரில் பிள்ளைகளே இல்லை என்பது பொய். காலையில் ஊர்ப் பொது இடமான மந்தையில் நின்று பாருங்கள், மஞ்சள் வேன் நிரம்பிப் போகும். ஒரு தாயிடம் கேட்டேன். "உங்கள் மேல் குறை ஒன்றும் இல்லை டீச்சர். மூன்று வயதிலேயே எல்.கே.ஜி. சேர்த்துவிட்டோம். அங்கே பழகிய பிள்ளையை மறுபடி இங்கே கொண்டுவந்து ஒன்றாம் வகுப்பில் விடச் சொல்கிறீர்களா?" என்றாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல? எங்கள் கதவு ஐந்து வயதில்தான் திறந்தது. 2019இல் அரசும் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது, ஆனால் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடிகளில் மட்டும். எங்களைப் போன்ற சிறு தொடக்கப் பள்ளிகளுக்கு அது எட்டவில்லை. பள்ளியின் தலைவிதியை முடிவு செய்தது இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்தது ஆசிரியர் எண்ணிக்கை. கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். காகிதத்தில் இது தாராளமாகத் தெரியும். வகுப்புகளோ ஐந்து. ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போனால், மற்றவர் ஒன்றாம் வகுப்புக்கு "அ" எழுதப் பழக்கிக்கொண்டே ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு போட வேண்டும். இடையில் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் வருகையைப் பதிய வேண்டும். பிள்ளைகள் தாங்களே செய்து பார்த்துப் படிக்கும் செயல்வழிக் கற்றல் அட்டைகள் வந்தபோது பல வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்து நடத்துவதற்கு உண்மையாகவே உதவின. ஆனாலும் வாசலில் நின்று எட்டிப் பார்க்கும் தகப்பனுக்கு, வகுப்புக்கு ஒரு டீச்சர் இருக்கும் பள்ளிதான் பள்ளியாகத் தெரியும். கொரோனாவுக்குப் பின் சில பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். வேன் ஓடத் தொடங்கியதும் போய்விட்டார்கள். 2023இல் காலை உணவு எங்கள் ஊர்ப் பள்ளிக்கும் வந்தபோது சாப்பிட ஒரு பந்திகூட நிரம்பவில்லை.

கடைசிவரை இருந்தவை வேன் கட்டணம் கட்ட முடியாத வீடுகள். ஆடு மேய்க்கிறவர் மகள், விறகுக்கரி மூட்டம் போடுகிறவரின் இரு பிள்ளைகள். தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. இப்போது அந்தச் சிறு பிள்ளைகள் இருவரும் மூன்று கிலோமீட்டர் போகிறார்கள். வழியில் லாரிகள் பறக்கும் சாலை ஒன்றைக் கடக்க வேண்டும். தகப்பன் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிற நாளில் பள்ளி உண்டு. மூட்டம் பிரிக்கிற நாளில் இல்லை. மறுபடியும் "நீண்ட நாள் வராமை" என்று யாராவது எழுதிவிடுவார்களோ என்பதுதான் என் பயம்.

இன்னொரு சிரமத்தை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. முதியோர் உதவித்தொகைக்கு வயதை நிரூபிக்க ஊர்ப் பெரியவர்கள் பள்ளிப் பதிவேட்டைத்தான் தேடி வருவார்கள். போன வாரம் ஒரு அத்தை என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "என் பேரு இருக்கிற நோட்டு எங்கே போச்சு?" என்று கேட்டார். அவர் இரண்டாம் வகுப்போடு நின்றவர். இப்போது அதற்கும் பஸ் ஏற வேண்டும்.

2019இல் ஒரு மாணவர்கூட இல்லாத 46 பள்ளிகளை நூலகங்களாக மாற்றப்போவதாக அரசு அறிவித்தது. எங்கள் கட்டடத்துக்கும் அப்படி ஏதாவது வரலாம். நூலகம் நல்லதுதான், ஆனால் எங்களுக்கு முதலில் வேண்டியது வகுப்பு. அங்கன்வாடி அதே வளாகத்தில்தான் இருக்கிறது. அதில் ஒன்பது குழந்தைகள். அவர்களில் நால்வருக்கு வரும் ஜூனுக்குள் ஐந்து வயது நிறைகிறது. நான்கு வீட்டிலும் பேசிவிட்டேன். இரண்டு வீட்டார் சேர்க்கிறோம் என்று கையெழுத்தே போட்டுவிட்டார்கள். ஒரு வீட்டில் பாட்டிக்குச் சம்மதம், மருமகளுக்கு இல்லை. இன்னொரு வீட்டில் டீச்சர் யார் என்று தெரிந்தால்தான் சொல்வோம் என்கிறார்கள். அங்கன்வாடியில் எல்.கே.ஜி. தொடங்க வேண்டும், பள்ளியை மறுபடி திறந்து இரண்டு ஆசிரியர்களையும் ஜூனுக்கு முன்பே நியமிக்க வேண்டும், கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று மனு எழுதியிருக்கிறேன். ஆகஸ்ட் 15 கிராம சபையில் அதைத் தீர்மானமாக நிறைவேற்றக் கேட்கப் போகிறோம். வெளியூரில் இருக்கும் பழைய மாணவர்கள் அன்றைக்கு ஊருக்கு வர வேண்டும். வாக்காளர் பட்டியலில் இங்கே பெயர் இருப்பவர்கள் கட்டாயம் வாருங்கள். கிராம சபையில் உங்கள் கை கணக்கில் வரும்.