அபிஸ்கோவிலிருந்து நிக்காலுவோக்தாவுக்கு: குடில் குடிலாக ஒரு வார நடை

ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே, ஸ்வீடனின் வடகோடியில் இருக்கும் அபிஸ்கோவில் தொடங்கி ஹெமவானில் முடிகிறது குங்ஸ்லேடன் நடைபாதை. மொத்தம் சுமார் 440 கிலோமீட்டர். வழிகாட்டியோடு எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து போகும் பயணங்கள் பெரும்பாலும் அபிஸ்கோவிலிருந்து நிக்காலுவோக்தா வரையிலான வடக்குத் துண்டைத்தான் எடுத்துக்கொள்கின்றன. ஏறக்குறைய 105 கிலோமீட்டர், ஏழு நாள். ஸ்வீடிஷ் சுற்றுலாச் சங்கமான எஸ்.டி.எஃப் நடத்தும் குடில்களில் இரவுத் தங்கல். கூட்டிப்போக ஆள் இருக்கிறார், படுக்க இடம் இருக்கிறது, அப்புறம் என்ன என்று கிளம்புகிறவர்கள்தான் இங்கே அதிகம் திணறுகிறார்கள். நடப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி குடிலில் காத்திருக்கிறது, அதை வழிகாட்டி செய்துதர மாட்டார்.

முதலில் தூரக் கணக்கு. அபிஸ்கோவிலிருந்து அபிஸ்கோயாவ்ரே 15 கிலோமீட்டர், அங்கிருந்து அலெஸ்யாவ்ரே 20, செக்சா 13, செல்கா 12, சிங்கி 12, கெப்னகைசே மலைநிலையம் 14, கடைசியாக நிக்காலுவோக்தா 19. இரண்டாம் நாள்தான் பலரை ஆட்டிப் பார்க்கும். முதுகுப்பை இன்னும் கனமாக இருக்கும், உடம்பு பழகியிருக்காது, மரங்கள் வளரும் எல்லையைத் தாண்டியதும் காற்றுக்கு மறைவே கிடையாது. அலெஸ்யாவ்ரே ஏரியில் கோடைக்காலத்தில் காசு வாங்கிக்கொண்டு படகு விடுகிறார்கள். ஐந்தாறு கிலோமீட்டர் மிச்சமாகும். கௌரவம் பார்க்காமல் ஏறிக்கொள்ளலாம்.

எந்த மாதம் போவது? ஜூன் கடைசியில் செக்சா கணவாய்ப் பக்கம் பனித்திட்டுகள் கிடக்கும், ஓடைகளில் உருகுநீர் புரளும். ஜூலை நடுப்பகுதி வரை சூரியன் மறையாது, கூடவே கொசு. சதுப்புநிலத்துக் கொசு நம் ஊர்க் கொசு மாதிரி இருட்டுவதற்காகக் காத்திருப்பதில்லை. தலைக்கு வலை இல்லாமல் ஜூலையில் போகவே வேண்டாம். ஆகஸ்ட் நடுவிலிருந்து கொசு குறையும். செப்டம்பர் முதல் இரண்டு வாரம் பிர்ச் மரத்து இலைகள் மஞ்சளாகும், தரையில் படர்ந்த செடிகள் சிவக்கும், வானம் தெளிந்தால் இரவில் வடதுருவ ஒளியும் தெரியலாம். எங்களைக் கேட்டால் செப்டம்பர் தொடக்கம்தான். ஆனால் அப்போது ஒரே நாளில் வெயில், மழை, ஆலங்கட்டி மூன்றையும் எதிர்பார்க்க வேண்டும்.

அபிஸ்கோ பலரை ஏமாற்றிவிடும். மேற்கே நார்வே எல்லையில் நிற்கும் மலைகள் மழையைத் தடுத்துவிடுவதால் ஸ்வீடனிலேயே மிகக் குறைவாக மழை பெய்யும் இடங்களில் அதுவும் ஒன்று. ஆண்டுக்குச் சுமார் 300 மில்லிமீட்டர்தான். அங்கே வெயிலைப் பார்த்துவிட்டு மழைப் பேண்ட்டைப் பையின் அடியில் திணிக்கிறவர்கள், இரண்டு நாள் கழித்துத் திறந்த பள்ளத்தாக்கில் பக்கவாட்டு மழையில் நின்றுகொண்டு பையைக் கிளறுவார்கள். மழை உடுப்பு எப்போதும் பையின் மேலறையில் இருக்கட்டும். பைக்குப் போடும் மழையுறையை மட்டும் நம்பாதீர்கள், காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போகும். பைக்குள்ளேயே கெட்டியான பிளாஸ்டிக் பை ஒன்றை விரித்து, உடையெல்லாம் அதற்குள் வைத்து, வாயை முறுக்கிக் கட்டுவதுதான் நிச்சயம்.

குடிலில் மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. அடுக்குக் கட்டில், மெத்தை, தலையணை, போர்வை எல்லாம் உண்டு; விரிப்பு அல்லது உறங்குபைக்குள் போடும் உறை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். அடுப்படியில் கேஸ் அடுப்பும் பாத்திரங்களும் இருக்கும். ஆகவே அடுப்பும் கேஸ் குப்பியும் சுமக்க வேண்டாம். கேஸ் குப்பியை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்பதால் இது பெரிய நிம்மதி.

உள்ளே நுழைந்ததும் பூட்ஸை வாசலறையில் கழற்றிவிட வேண்டும். தண்ணீருக்கு ஒரு வாளி, கழிவுநீருக்கு ஒரு வாளி. இரண்டையும் மாற்றிவிடக் கூடாது. ஓடையில் எந்த இடத்தில் மொள்ள வேண்டும் என்பதைக் குடில் பொறுப்பாளர் காட்டுவார். கழிவுநீரை அதற்கென்று வெளியே வைத்திருக்கும் தொட்டியில்தான் ஊற்ற வேண்டும், புதர்ப் பக்கம் வீசக் கூடாது. சாப்பாட்டுத் துணுக்குகளை முதலில் வடிகட்டி எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தொட்டி அடைத்துக்கொள்ளும், அடுத்த ஆள் கையை விட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும். கழிப்பறை தனியாக வெளியே இருக்கும். செப்டம்பர் இரவில் தலைவிளக்கு இல்லாமல் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அறையைச் சூடாக்குவது விறகடுப்பு. விறகு அறுத்த துண்டுகளாகக் கிடக்கும், பிளப்பது நம் வேலை. கோடாலி எடுக்கும்போது செருப்புக்காலோடு நிற்காதீர்கள், பூட்ஸ் வேண்டும். முதலில் மணிக்கட்டு கனத்துக்கு நாலைந்து துண்டு, அப்புறம் விரல் கனத்துக்குச் சிராய். பிர்ச் பட்டையில் எண்ணெய்ப் பசை இருப்பதால் ஈரமாக இருந்தாலும் நெருப்புப் பிடிக்கும், அதை உரித்துத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். புகைபோக்கியின் அடைப்புத் தகட்டைத் திறந்த பிறகே பற்றவைக்க வேண்டும். தணல் முழுவதும் சாம்பலாகும் முன் அந்தத் தகட்டை மூடினால் கார்பன் மோனாக்சைடு அறையில் தங்கிவிடும். அதற்கு வாசனை கிடையாது. சூடு போய்விடுமே என்று அவசரப்பட்டு மூடுவது உயிருக்கே ஆபத்து. காலையில் கிளம்பும்போது விறகுப்பெட்டியும் தண்ணீர் வாளியும் நிறைந்திருக்க வேண்டும், தரை கூட்டியிருக்க வேண்டும். பத்துப் பேருக்கு இது அரைமணி நேர வேலை, மூன்று பேர் தலையில் விழுந்தால் ஒன்றரை மணிக்கும் மேல். முறை வைத்துக்கொள்ளும் குழுக்கள் எட்டரைக்குள் பாதையில் இருக்கும்.

நனைந்த பூட்ஸை அடுப்போரம் வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வைத்தால் தோல் வெடிக்கும், அடிப்பாகத்தை ஒட்டிய பசை இளகி மறுநாள் நடுவழியில் வாய் பிளக்கும். உள்ளட்டையை வெளியே எடுத்து, பழைய செய்தித்தாளைத் திணித்து, அடுப்பிலிருந்து தள்ளி வைத்தால் போதும். கம்பளி சாக்ஸ் மூன்று ஜோடி: இரண்டு நடைக்கு, மூன்றாவது குடிலுக்கு மட்டும். அந்த மூன்றாவது ஜோடியை வெளியே போட்டு நடக்கக் கூடாது, மற்ற இரண்டும் எவ்வளவு ஈரமாக இருந்தாலும் சரி. அபிஸ்கோயாவ்ரே, அலெஸ்யாவ்ரே, செல்கா மூன்றிலும் சானா எனும் சூட்டுக் குளியல் அறை உண்டு. உடம்பு கழுவ அதுவே வழி.

பையின் எடை சாப்பாட்டோடு சேர்த்து 12 கிலோவைத் தாண்டினால் எதையோ வீட்டில் விட்டுவிட வேண்டும். ஜீன்ஸும் பருத்தி பனியனும் அந்தப் பட்டியலில் முதல் இரண்டு. நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை இழுத்துவிடும்.

சாப்பாடு ஒரு நாளைக்கு உலர் எடையில் 600 முதல் 700 கிராம் என்று கணக்கு வையுங்கள். சானா உள்ள அதே மூன்று குடில்களிலும் சின்னக் கடை உண்டு. செக்சாவிலும் சிங்கியிலும் கிடையாது. அதனால் ஏழு நாளுக்கும் சுமக்க வேண்டியதில்லை, இரண்டு மூன்று நாளுக்குப் போதும். கடையில் பாஸ்தா, வறட்டு ரொட்டி, டியூபில் அடைத்த சீஸ், டப்பா உணவு கிடைக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் டியூபைப் பார்த்து வாங்குங்கள், அதே மாதிரி டியூபில் மீன்முட்டையும் விற்கிறார்கள். வறுத்த ரவையில் தாளிப்பைச் சேர்த்து வீட்டிலேயே கலந்து கொண்டுபோனால் கொதிதண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடத்தில் உப்புமா. ஆளுக்கு 100 கிராம் ரவை. மதியத்துக்குக் காலையிலேயே தெர்மாஸில் வெந்நீர் நிரப்பிவிடுங்கள். வழியில் ஓடைத் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், ரெயின்டீர் எனும் பனிமான்களின் மந்தை நிற்கும் இடத்துக்கு மேற்புறமாக மொண்டால் நல்லது. அந்த மந்தைகள் இப்பகுதியின் பூர்வகுடிகளான சாமி இன மக்களுடைய உடைமை. எதிரே வந்தால் வழிகாட்டி குழுவை நிறுத்துவார், அவை கடந்து போகும்வரை அசையாமல் இருக்க வேண்டும்.

செக்சா கணவாய் சுமார் 1,140 மீட்டர், வழியிலேயே உயரமான இடம். வடக்கிலிருந்து ஏற்றம் மெதுவானது, தெற்கே இறக்கம் செங்குத்து. கணுக்கால் பிசகுவது ஏற்றத்தில் அல்ல, இந்த இறக்கத்திலும் அதற்கு முன்னால் வரும் பாறைக் குவியல்களிலும்தான். ஊன்றுகோல் இரண்டும் இங்கே உதவும். சதுப்பின் மேல் போட்ட பலகைகளில் மட்டும் ஊன்றுகோலைத் தூக்கிக்கொள்ளுங்கள், முனை இடுக்கில் மாட்டும். மழை பெய்த பலகை சோப்புத் தேய்த்ததுபோல வழுக்கும், சின்ன அடியாக வைக்க வேண்டும். கணவாயில் ஒதுங்க ஒரு சின்னக் கொட்டகை இருக்கிறது. பாதையின் பெரும்பகுதியில் போன் சிக்னல் கிடையாது, ஆபத்துக்குக் குடில்களில் அவசரத் தொலைபேசி உண்டு.

பணம் கட்டும் முன் ஏற்பாட்டாளரிடம் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். கட்டில்கள் முன்பதிவானவையா? பொதுச் சாப்பாட்டை யார் சுமப்பது? படகுக் கட்டணம் சேர்ந்ததா? கணவாயில் காற்று அடித்தால் ஒரு நாள் காத்திருக்க இடம் உண்டா? கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு ஏற்பாட்டாளரைப் பாருங்கள். ஸ்வீடனின் மிக உயரமான மலையான கெப்னகைசே சிகரத்தையும் சேர்த்துக்கொள்வதாக விளம்பரம் இருந்தால் அதற்கு முழுதாக ஒரு நாள் கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள். மேற்குப் பாதையில் ஏறி இறங்கப் பத்திலிருந்து பதினாலு மணி நேரம் ஆகும், கிழக்குப் பாதை பனிப்பாறையைக் கடப்பதால் கயிறும் அதற்கென்று வழிகாட்டியும் வேண்டும். தென்முகட்டின் பனி உருகி, 2019இல் உயர வரிசையில் வடமுகடு முந்திவிட்டது. ஆனாலும் எல்லோரும் ஏறுவது தென்முகட்டுக்குத்தான்.

மலைநிலையத்தில் மின்சாரம், குளியல், உணவகம் எல்லாம் இருப்பதால் கடைசி நாள் காலையில் யாருக்கும் கிளம்ப மனம் வராது. அங்கிருந்து நிக்காலுவோக்தாவுக்கு 19 கிலோமீட்டர். நடுவில் லாட்யோயாவ்ரே ஏரியில் படகு ஏறினால் ஆறு கிலோமீட்டர் குறையும், படகுத்துறையில் ரெயின்டீர் பர்கர் விற்கும் கடையும் உண்டு. ரயில் நிலையம் உள்ள கிருனா நகரத்துக்குப் பேருந்து நாளுக்குச் சில முறைதான். அதன் நேரத்தைத் தெரிந்துகொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுக் காலையில் கிளம்புங்கள். அன்று மாலையே இரவு ரயில் பிடிக்கிறவர்கள், பேருந்து கிருனா ரயில் நிலையம் வரை போகிறதா, ஊருக்குள்ளேயே நின்றுவிடுகிறதா என்று ஏறும்போதே ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.