வேலூரிலிருந்து ஒரு ஹெரால்டு ரேஸுக்குப் போனது

பழைய காரை டிராக்கில் இறக்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "இன்ஜினில் என்ன பண்ணினீங்க?" என்றுதான். என் ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் 948 சிசி இன்ஜினில் பெரிதாக எதுவும் பண்ணவில்லை. வால்வு உட்கார வைத்தோம், கார்புரேட்டரைக் கழுவினோம், ரேடியேட்டரைப் பிரித்து அடைப்பெடுத்தோம். பணமும் நேரமும் போனதெல்லாம் பிரேக்கிலும் சக்கரங்களிலும்தான். அதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

ஹெரால்டு நம்ம ஊர்க் கார். 1961 முதல் மெட்ராஸில் தயாரானது. இங்கிலாந்தில் இதன் சேஸியைச் சுருக்கித்தான் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் ஹெரால்டுகள் அங்கே ஓடியிருக்கின்றன. ஆகவே இதை ரேஸுக்குக் கொண்டுபோவதில் விசித்திரம் எதுவும் இல்லை.

முதல் வேலை பின் சக்கரம். இதில் ஒவ்வொரு பின் ஷாஃப்டுக்கும் டிஃபரன்ஷியல் (இரண்டு பின் சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் நடுப்பெட்டி) பக்கம் மட்டும்தான் மடங்கிச் சுழலவிடும் கிராஸ் ஜாயின்ட் உண்டு, சக்கரத்தின் பக்கம் கிடையாது. வளைவில் வேகமாகப் போகும்போது சட்டென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டியின் பின்பக்கம் மேலே எழும்பும், சக்கரத்தின் அடிப்பக்கம் உள்ளே மடங்கும், பிடிமானம் போய்விடும். ஹெரால்டுக்குப் பிறகு 1972-ல் வந்த ஸ்டாண்டர்ட் கெஸல் காரில் இந்த ஏற்பாட்டையே மாற்றிவிட்டார்கள். ராணிப்பேட்டையில் லாரிகளுக்குக் கமான் (பட்டை ஸ்பிரிங்) கட்டும் பட்டறை ஒன்றில், டிஃபரன்ஷியல் மேல் குறுக்காக உட்காரும் பட்டைகளை இறக்கிக் கட்டி வாங்கினோம். இப்போது பின்பக்கம் தாழ்ந்து, சக்கரங்களின் மேல்முனை கொஞ்சம் உள்ளே சாய்ந்து நிற்கிறது. பார்க்க அழகில்லை, ஆனால் ஓட்டுகிறவருக்கு அதுதான் நிம்மதி.

முன்பக்கத்தில் டிரன்னியன் என்று ஒரு சின்ன பித்தளைச் சாமான் இருக்கிறது. சக்கரத்தைத் தாங்கும் தண்டு அதற்குள் மரை போட்டு உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலான பட்டறைகளில் இதற்குக் கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். இதற்குக் கிரீஸ் ஆகாது, 90-ம் நம்பர் கியர் ஆயில்தான் போடவேண்டும். கிரீஸ் உள்ளே இறுகினால் தண்ணீர் தங்கித் துருப்பிடித்து, ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். சத்துவாச்சாரி மெக்கானிக் அண்ணன் இரண்டு பக்கமும் கழற்றி, மரையை விரல் நகத்தால் தடவித் தடவிப் பார்த்தார். இடது பக்கத் தண்டில் நகம் தட்டுப்பட்டது. வேறு தண்டு கிடைக்கும்வரை வண்டி ஸ்டாண்டிலேயே நின்றது.

லைசென்ஸ் வேலை எதிர்பார்த்ததைவிட லேசு. இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பு தரும் போட்டி லைசென்ஸுக்கு மருத்துவச் சான்றிதழ், ரத்த வகை எல்லாம் கேட்பார்கள்.

டிராக் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை வேலூரிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர். காரை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், ஏற்றிக்கொண்டு போங்கள். வாலாஜா, காவேரிப்பாக்கம் வழியாக விடியுமுன் போய்ச் சேர்ந்தோம்.

அப்புறம் ஸ்க்ரூட்டினி, அதாவது டிராக்கில் இறக்குமுன் காரைச் சோதிப்பது. இங்கேதான் பலர் பதற்றப்படுகிறார்கள், அதற்குத் தேவையே இல்லை. ரோல் கேஜ் (கார் உருண்டாலும் நசுங்காமல் காக்கும் குழாய்க் கூண்டு) வெல்டிங், பெல்ட், ஹெல்மெட், தீயணைப்பான் எல்லாவற்றையும் பார்த்தார்கள். பேட்டரி கட்-ஆஃப் சுவிட்சை வெளியிலிருந்து ஒருவர் திருகினார், இன்ஜின் சட்டென்று நின்றது. அந்த இடத்தைக் காட்டும் நீல முக்கோண ஸ்டிக்கர், இழுத்துச் செல்லும் கொக்கிக்குக் கண்ணில் படும் நிறம், கார்புரேட்டரில் இரண்டாவது ரிட்டர்ன் ஸ்பிரிங் என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்கிறார்கள். ஸ்பிரிங் ஒன்று அறுந்தாலும் இன்னொன்று த்ராட்டிலை மூடவேண்டும். நம் உயிருக்காகச் செய்கிற வேலை அது. அவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

சனிக்கிழமை பிராக்டீஸ். 3.717 கிலோமீட்டர் சுற்று, 12 வளைவுகள். நேர்ப்பாதை முடிவில் வரும் சி1 என்ற முதல் வலது வளைவில்தான் ஹெரால்டின் குணம் தெரியும். பிரேக்கை முன்னதாகவே முடித்துவிட்டு, வளைவுக்குள் போகும்போது ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடியே இருக்கவேண்டும். பயத்தில் காலை எடுக்கத் தோன்றும், எடுக்கக்கூடாது. முதல் கியருக்கு சின்க்ரோ (ஓடும்போதே கியர் உரசாமல் விழ உதவும் ஏற்பாடு) இல்லாததால் மெதுவான வளைவுகளையும் இரண்டாவது கியரிலேயே எடுத்தேன்.

என்னுடையது நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். சில சுற்றுகளிலேயே பெடல் நீளமாக இறங்க ஆரம்பித்தது. டிராக் ஓரத்தில் காரைக் கவனிக்கும் பிட்டுக்கு வந்ததும் அண்ணன் சக்கரத்தின் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்து, "இன்னா தம்பி, மெரிச்சா கீழ போவுதா?" என்றார். உதவிக்கு வந்த பையன் தண்ணீர் பாட்டிலோடு குனிந்தான். "தண்ணி ஊத்தாதடா, டிரம்மு விரிசல் வுட்டுடும்" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார். ஹேண்ட்பிரேக்கையும் போட விடவில்லை. ஆறும்போது டிரம் சுருங்கி, உள்ளே அழுத்தி நிற்கும் பிரேக் ஷூவைக் கவ்விக்கொள்ளும் என்பதால் சக்கரத்துக்குக் கட்டைதான் வைத்தோம். முன் ஷூக்களை அட்ஜஸ்ட் செய்து, பிரேக் ஆயிலைச் சுத்தமாக மாற்றினோம். புது டாட் 4 ஆயில் 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பழைய ஆயில் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை ரேஸில் ஒரு ஃபியட் 1100-க்குப் பின்னால்தான் பெரும்பாலும் ஓடினேன். நேர்ப்பாதையில் அவர் விலகிப்போவார், வளைவில் நான் நெருங்குவேன். நீலக்கொடி காட்டும்போதெல்லாம் என் கோட்டை மாற்றாமல் பின்னால் வருகிறவருக்கு வழிவிட்டேன். கடைசிச் சுற்றுகளில் பிரேக்குக்காக முன்னதாகவே காலெடுத்து ஓட்டினேன், பெடல் கடைசிவரை கீழே இறங்காமல் நின்றது. ரேஸ் முடிந்ததைக் காட்டும் செக்கர்டு கொடியைப் பார்த்தபோது தொண்டை அடைத்துவிட்டது, மறைக்க விரும்பவில்லை.

ஊருக்கு வந்து டிரம்மைக் கழற்றியதில் முன் லைனிங் கண்ணாடி மாதிரி மினுங்கிப்போயிருக்கிறது. இன்னும் கடினமான லைனிங் ஒட்டக் கொடுத்திருக்கிறோம். டிரன்னியனுக்கு மறுபடி ஆயில் போட்டாயிற்று.