48 மணி நேரத்தில் கறுத்துப்போகும் டிவிடி: உள்ளே என்ன நடக்கிறது?

ஒருமுறை பார்த்ததும் தானே அழிந்துவிடும் டிவிடி என்று, 2003-இலும் 2008-இலும் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஃப்ளெக்ஸ்பிளே தட்டுகளைப் பற்றிச் சொல்வார்கள். உண்மையில் அந்தத் தட்டுக்குத் தான் ஓடியதா, ஓடவில்லையா என்பதே தெரியாது. காற்றுப் புகாத உறையை வெட்டிய நொடியில் அதன் கணக்கு தொடங்கிவிடுகிறது. பிளேயரில் போட்டாலும் சரி, மேசைமேல் சும்மா வைத்தாலும் சரி, ஏறக்குறைய 48 மணி நேரத்தில் சிவப்பாக இருந்த தட்டு கறுத்துவிடும். அதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.

ஓட்டுவதையே கணக்காக வைத்து, லேசர் பட்டதும் நிறம் மாறுகிற சாயத்தைப் போட்டிருக்கலாமே என்று தோன்றும். டிவிடி பிளேயர் வேலை செய்யும் விதமே அதற்கு இடம் தராது. தட்டைப் போட்டதும் லேசர் உள்வட்டத்தில், தட்டைப் பற்றிய தகவல்கள் இருக்கும் லீட்-இன் பகுதியைப் படிக்கிறது. பிறகு மெனு, அதன் பிறகுதான் படம். படம் ஓடும்போதும் லேசர் ஒரே சீராக முன்னே போவதில்லை. பிளேயர் விநாடிக்குச் சுமார் 11 மெகாபிட் வேகத்தில் தரவை எடுக்கிறது, படத்துக்குப் பெரும்பாலான நேரம் அதில் பாதிதான் தேவை. தற்காலிக நினைவகம் நிரம்பியதும் லேசர் ஒரு தடம் (தரவு எழுதிய சுருள் பாதையில் ஒரு சுற்று) பின்னால் தாவி, அதே இடத்தின் மேலேயே சுற்றிச் சுற்றிக் காத்திருக்கும். நீங்கள் ஒரே ஒரு முறை பார்க்கும் காட்சியின் மேல் லேசர் பல முறை போய் வந்திருக்கும். நிறுத்தி வைத்தால் இன்னும் அதிகம். லேசர் பட்ட எண்ணிக்கையை வைத்து, பார்த்தாயிற்றா என்று முடிவு செய்ய வழியில்லை. தட்டு சுழலும்போது ஒரு புள்ளியின் மேல் லேசர் தங்கும் நேரம் ஒரு மைக்ரோவிநாடியில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அத்தனை குறைந்த நேரத்தில், படிப்பதற்கான மெல்லிய ஒளியில் நிறம் மாறும் சாயம் என்றால், அறை வெளிச்சத்திலேயே அது கெட்டுப்போகும். ஆகவே காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு நிறம் மாறும் சாயத்தை நம்பியதே சரியான முடிவு. காற்று எங்கும் ஒன்றுதான், எந்தப் பிளேயரையும் மாற்ற வேண்டியதில்லை.

இனி தட்டின் உடம்பைப் பார்ப்போம். எந்த டிவிடியும் 1.2 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட ஒற்றைத் தட்டு அல்ல. தலா 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளை நடுவில் பிசின் வைத்து ஒட்டியதுதான் டிவிடி. அந்தப் பிசின் அடுக்கு சுமார் 50 மைக்ரோமீட்டர் இருக்கும். நிறம் மாறும் சாயம் கலந்திருப்பது இந்தப் பிசினில்தான். மேற்பரப்பில் பூசியிருந்தால் துடைத்தோ தேய்த்தோ எடுத்துவிடலாம், நடுவில் இருப்பதை எடுக்க முடியாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வழக்கமான ஒற்றை அடுக்கு டிவிடியில் தரவுக் குழிகளும் அவற்றின் மேல் படிந்த அலுமினியப் பூச்சும் லேசர் நுழையும் முன்பக்கத் தட்டில் இருக்கும். பிசின் அந்த உலோகத்துக்குப் பின்னால் வரும். லேசர் உலோகத்தில் பட்டுத் திரும்பிவிடுவதால், பின்னாலிருக்கும் பிசின் எவ்வளவு கறுத்தாலும் படிப்பதற்கு ஒரு தடையும் வராது. ஆகவே ஃப்ளெக்ஸ்பிளே தட்டில் தரவு பின்பக்கத் தட்டுக்குப் போக வேண்டும். ஒளி முன்பக்கத் தட்டையும் பிசினையும் கடந்து உலோகத்தை அடைந்து, மறுபடி பிசின் வழியாகவே திரும்ப வேண்டும். இரட்டை அடுக்கு டிவிடியின் இரண்டாவது அடுக்கை ஒளி படிக்கும் பாதை இதேதான். பிளேயர்கள் அதற்கு ஏற்கெனவே பழகியவை என்பது இங்கே கைகொடுக்கிறது.

சாயத்தின் அடிப்படை மெத்திலீன் நீலம். பள்ளி ஆய்வகத்தில் குளுக்கோஸும் காரமும் கலந்த நிறமற்ற கரைசலைக் குலுக்கினால் நீலமாகி, வைத்திருந்தால் மீண்டும் நிறம் இழக்கும் சோதனையைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நடப்பதன் முதல் பாதிதான் இங்கேயும் நடக்கிறது. மெத்திலீன் நீலத்தின் ஆக்சிஜனேற்றம் பெறாத வடிவத்தை லூக்கோ மெத்திலீன் நீலம் என்பார்கள், அதற்கு நிறமில்லை. ஆக்சிஜன் கிடைத்ததும் அது நீலமாகிறது. நீலமான பிறகு அது மிக வலுவாக உறிஞ்சும் ஒளி 660 நானோமீட்டரை ஒட்டியது. டிவிடி லேசரின் அலைநீளம் 650 நானோமீட்டர். இவ்வளவு நெருங்கிய பொருத்தம் அமைந்தது இந்தத் தொழில்நுட்பத்துக்குக் கிடைத்த பெரிய வசதி.

லூக்கோ வடிவத்தை அப்படியே பிசினில் கலந்தால், ஒட்டும் இயந்திரத்திலேயே காற்றுப் பட்டு நீலமாகிவிடும். தொழிற்சாலை முழுவதையும் ஆக்சிஜன் இல்லாமல் நடத்துவது நடக்காத காரியம். இதற்கான தீர்வு அழகானது: லூக்கோ மூலக்கூறில் ஆக்சிஜனோடு வினைபுரியும் இடத்தை ஒரு காப்புத் தொகுதியால் மூடிவிடுகிறார்கள். மூடிய நிலையில் அது காற்றைக் கண்டுகொள்ளாது. தட்டை ஒட்டி, உறையில் போட்டு மூடிய பிறகு, பிசினுக்குள்ளேயே அந்த மூடி மெல்லக் கழன்று விழுகிறது. தட்டு உறைக்குள் கிடக்கும் நாட்களில்தான் அது ‘உயிருள்ள’ தட்டாகிறது.

48 மணி நேரத் தாமதம் எங்கிருந்து வருகிறது? ஒரு பங்கு பிளாஸ்டிக்கிலிருந்து வருகிறது. டிவிடியின் பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட்டில் ஆக்சிஜன் ஊடுருவும் வேகத்தை வைத்துக் கணக்கிட்டால், 0.6 மில்லிமீட்டரைக் கடந்து மறுபக்கம் சீராக வரத் தொடங்கவே எட்டு மணி நேரம் அளவில் ஆகும். பின்பக்கத்திலிருந்து வரும் ஆக்சிஜனை அலுமினியப் பூச்சு பெருமளவு மறிக்கும், எனவே வரவு முக்கியமாக முன்பக்கத்திலிருந்துதான். மீதித் தாமதம் பிசினுக்குள் இருக்கும் சாயத்தின் அளவிலிருந்தும் வினையின் வேகத்திலிருந்தும் வருகிறது. இன்னும் மெதுவாக வேண்டுமென்றால் முன்பக்கத் தட்டுக்கு அக்ரிலிக் பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தலாம். ஆக்சிஜனைக் கடத்துவதில் அது பாலிகார்பனேட்டைவிடப் பல மடங்கு கஞ்சம்.

தட்டின் விளிம்பில் பிசின் காற்றோடு நேராகத் தொடுகிறதே, அங்கிருந்து கறுப்பு உள்ளே பரவாதா என்று கேட்கலாம். பரவும், ஆனால் மிக மெதுவாக. ஊடுருவும் நேரம் தூரத்தின் இருமடிக்கு (தூரத்தை அதனாலேயே பெருக்கிய அளவுக்கு) ஏற்பக் கூடும். தட்டின் ஆரம் 60 மில்லிமீட்டர், தரவு 58 மில்லிமீட்டரில் முடிகிறது. அந்த 2 மில்லிமீட்டரைக் கடக்க, 0.6 மில்லிமீட்டரைக் கடப்பதைப் போலப் பதினோரு மடங்கு நேரம் ஆகும். அதற்குள் முன்பக்க வழியே வந்த ஆக்சிஜன் வேலையை முடித்திருக்கும்.

எவ்வளவு கறுத்தால் போதும் என்பது பலரும் தவறாக நினைக்கும் இடம். ஒற்றை அடுக்கு டிவிடி தன் மேல் படும் ஒளியில் 45 முதல் 85 விழுக்காடு வரை திருப்பித் தர வேண்டும் என்பது தரநிலை. அதற்குக் கீழே போனதும் படிக்க முடியாது என்று எண்ணக் கூடாது. இரட்டை அடுக்குத் தட்டுகள் 18 முதல் 30 விழுக்காடுதான் திருப்பித் தருகின்றன, பிளேயர்கள் அவற்றை எளிதாகப் படிக்கின்றன. தொடக்கத்தில் 70 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பிசின் அடுக்கு ஒளியில் பாதியை விழுங்கினால், போகும்போது பாதி, திரும்பும்போது அதில் பாதி, மிஞ்சுவது 17.5 விழுக்காடு. நல்ல பிளேயர் இதையும் படித்துவிடும். பத்தில் ஒன்பது பங்கை விழுங்கும் அளவுக்குச் சாயம் முற்றினால் 0.7 விழுக்காடுதான் திரும்பும், அதில் எந்தப் பிளேயரும் தடத்தைப் பிடிக்காது. ஒளி இரண்டு முறை கடப்பதால் விளைவு இருமடியாகிறது. குறைந்த சாயத்தில் இவ்வளவு வலுவான தடை கிடைப்பதற்கு இதுவே காரணம்.

சாயம் மெல்ல மெல்லத்தான் கறுக்கிறது. ஆனால் படம் மெல்ல மெல்ல மங்குவதில்லை. டிவிடியில் தரவு 32 கிலோபைட் கட்டங்களாக, 208 கிடை வரிசை, 182 பத்தி (மேலிருந்து கீழான வரிசை) கொண்ட அடுக்கில் எழுதப்படுகிறது. ஒவ்வொரு வரிசையிலும் 10 பைட்டும், அடியில் 16 வரிசைகளும் பிழை திருத்தத்துக்கானவை. ஒரு வரிசையில் 5 பைட்டுகள் வரை தவறினாலும் அங்கேயே சரியாகிவிடும். அதற்கு மேல் தவறினால் பத்தி வழியாக இன்னொரு வாய்ப்பு உண்டு. தட்டு கறுக்கக் கறுக்கப் பிழைகள் ஏறுகின்றன, திருத்தம் அத்தனையையும் விழுங்கிவிடுகிறது, பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. தாங்கும் எல்லை தாண்டியதும் படத்தில் சதுரம் சதுரமாக உடைப்பு, பிறகு உறைதல், பிறகு தட்டே இல்லை என்ற செய்தி. நல்ல நிலைக்கும் முழு முடக்கத்துக்கும் இடையே உள்ள காலம் குறுகியது. வேதியியல் தராத கூர்மையை இங்கே பிழை திருத்தம் தருகிறது.

முதலில் பழுதாகும் இடம் பெரும்பாலும் வெளிவட்டம். படம் உள்ளிருந்து வெளியே ஓடுவதால் கடைசிக் காட்சிகள் அங்கேதான் இருக்கும், தட்டின் வளைவும் சாய்வும் அங்கே அதிகம், குறைந்த ஒளியில் அந்தச் சாய்வைச் சமாளிப்பது கடினம். இன்னொன்று: தட்டைப் போட்டதும் பிளேயர் லென்ஸை மேலும் கீழும் அசைத்து, திரும்பும் ஒளியை வைத்துத் தட்டு இருக்கிறதா என்று முடிவு செய்கிறது. ஏற்கெனவே தடத்தைப் பிடித்து ஓடிக்கொண்டிருக்கும் தட்டு தாக்குப்பிடிக்கும் நிலையிலும், வெளியே எடுத்து மறுபடி போட்டால் தொடங்காமல் போகலாம்.

ஆகவே 48 என்பது எல்லா வீட்டிலும் ஒரே 48 அல்ல. சூடான அறையில் ஊடுருவலும் வினையும் இரண்டும் வேகமெடுக்கும். லென்ஸில் தூசி படிந்த பழைய பிளேயர் முன்னதாகவே கைவிடும், கணினியின் டிரைவ் அதற்குப் பின்னும் படித்துக்கொண்டிருக்கும். தயாரிப்பாளர் எந்த மோசமான பிளேயரிலும் 48 மணி நேரம் ஓடும்படி சாயத்தை அமைக்க வேண்டும். அதனால் நல்ல பிளேயரில் கூடுதல் நேரம் கிடைப்பது இயல்பு. அழிய வைப்பதைவிட, அதுவரை குறையின்றி ஓட வைப்பதுதான் கடினமான பாதி என்று நான் சொல்வேன்.

தட்டின் சிவப்பு நிறம் வெறும் அடையாளம் அல்ல. சிவப்புப் பிளாஸ்டிக் 650 நானோமீட்டர் ஒளியைத் தடையின்றி விடும், அதைவிடக் குறைந்த அலைநீளங்களை உறிஞ்சும். மெத்திலீன் நீலம் நீல, ஊதா ஒளியை அவ்வளவாகத் தடுப்பதில்லை. சிவப்பு இல்லையென்றால் ப்ளூ-ரேயின் 405 நானோமீட்டர் லேசருக்கு ஒரு ஜன்னல் திறந்தே இருக்கும். சிவப்புத் தட்டின் மேல் நீலம் ஏறுவதால்தான் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிகிறது. சிடியின் 780 நானோமீட்டர் லேசருக்கும் இந்தச் சாயம் பெரிய தடை அல்ல. ஆனால் அதன் ஒளிப்புள்ளி 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளித் தடங்களுக்கானது, 0.74 மைக்ரோமீட்டர் இடைவெளியில் நெருங்கியிருக்கும் டிவிடி தடங்களை அது பிரித்தறியாது.

உறைதான் தட்டின் உயிர். பாலிகார்பனேட்டுக்குள் ஏற்கெனவே கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் கணக்கில் எடுக்க வேண்டும், உறையிலிருந்து காற்றை உறிஞ்சிவிட்டால் மட்டும் போதாது. உறையில் ஊசித்துளை விழுந்தால் வாங்குபவர் கையில் கறுத்த தட்டுதான் கிடைக்கும். துளையே இல்லாவிட்டாலும் உறை வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஆக்சிஜன் கசியும், பிரிக்காத தட்டுக்கே சுமார் ஓராண்டுதான் ஆயுள். கடைக்கு இது பெரிய சுமை. சாதாரண டிவிடி விற்காவிட்டால் அலமாரியில் கிடக்கும், இது அலமாரியிலேயே செத்துவிடும்.

ஃப்ளெக்ஸ்பிளே நிறுவனத்தை 1999-இல் யானிஸ் பாகோஸ், எரிக் பிரின்யோல்ஃப்சன் என்ற இரு பேராசிரியர்கள் தொடங்கினார்கள், பொருளறிவியல் பகுதியில் ஜெனரல் எலெக்ட்ரிக் சேர்ந்துகொண்டது. டிஸ்னியின் வீடியோ பிரிவு 2003 ஆகஸ்டில் ஈஸி-டி என்ற பெயரில் அமெரிக்காவின் சில நகரங்களில் விற்றுப் பார்த்தது. வரவேற்பு இல்லை, குப்பை பெருகும் என்ற எதிர்ப்பும் வலுத்தது. 2008-இல் அலுவலகப் பொருள்கள் விற்கும் ஸ்டேப்பிள்ஸ் கடைகளில் 4.99 டாலருக்கு மீண்டும் வந்தது, அதுவும் நிலைக்கவில்லை. இதற்கு முன் 1998-இல் சர்க்யூட் சிட்டி என்ற அமெரிக்க மின்னணுப் பொருள் கடை நிறுவனம் கொண்டுவந்த டிவ்எக்ஸ் என்ற டிவிடி முறை இதே 48 மணி நேரத்தை வேறு வழியில் கணக்கிட்டது. தட்டு அழியாது, தனிப் பிளேயர் தொலைபேசிக் கம்பி வழியாகக் கணக்கு அனுப்பும். 1999 ஜூனில் அதை நிறுத்தினார்கள். இரண்டில் வேதியியல் வழியே நேர்மையானது என்பது என் கருத்து. யார் எப்போது என்ன பார்த்தார் என்று அது யாரிடமும் சொல்வதில்லை.

கறுத்த தட்டை மீட்க முடியுமா? முடியாது. மெத்திலீன் நீலத்தை வைட்டமின் சி போன்ற ஒடுக்கிகள் (ஆக்சிஜனேற்றத்தைத் திருப்பும் பொருள்கள்) நிறமிழக்கச் செய்யும் என்பது உண்மைதான், ஆனால் அவை பாலிகார்பனேட்டுக்குள் நுழைந்து பிசினை எட்டாது. அசிட்டோனில் நனைத்தால் பிளாஸ்டிக்கே வெளிறி விரிசல் விடும். கீறல் எடுக்கும் இயந்திரம் மேற்பரப்பை மட்டும்தான் தொடும், கறுப்போ 0.6 மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது. திறந்த தட்டைக் குளிர்பெட்டியில் வைத்தால் வினை மெதுவாகும், நிற்காது. பிளாஸ்டிக்கில் நுழைந்துவிட்ட ஆக்சிஜன் உள்ளேயேதான் இருக்கும். வெளியே எடுத்ததும் தட்டின் மேல் நீர் படியும், அந்த ஈரத்தோடு பிளேயரில் போட்டால் லேசர் தடத்தைப் பிடிக்காது. பழைய பொருள் விற்பனையில் பிரிக்காத உறை கிடைத்தால், உள்ளே சிவப்பு தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். உறை உப்பியிருந்தாலோ தட்டு ஊதா கலந்து தெரிந்தாலோ கசிவு எப்போதோ தொடங்கிவிட்டது. காட்சிப் பொருளாக வைத்துக்கொள்ளலாம், படத்துக்காக வாங்க வேண்டாம்.