பழைய பிரெஞ்சு கூபே கிறுக்கு

ராத்திரி தூக்கம் வரலைன்னா ஐரோப்பா பக்கத்து செகண்ட் ஹேண்ட் கார் விளம்பரமா பாத்துட்டு கிடக்குறேன், அதுலயும் பெஜோ 406 கூபே, அதான் ரெண்டு கதவு வண்டி, கண்ணுல பட்டா அவ்ளோதான். இத்தாலில பினின்ஃபரினாங்கிற கார் டிசைன் கம்பெனி வரைஞ்சு அவங்களே கட்டுன வண்டி, முன்சக்கரத்துக்குப் பின்னாடி அவங்க பேரு குட்டியா ஒட்டியிருக்கும், சைடுல பாத்தா ஃபெராரிக்கு தம்பி மாதிரியே இருக்கும் ஆனா விலை சல்லிசு.

ரெனோ அவான்டைம் இன்னும் கிறுக்கு. சைடுல கூரையைத் தாங்குற நடுத்தூணே கிடையாது, கதவோ அவ்ளோ நீளம், நெருக்கமான பார்க்கிங்ல திறக்கணுமேன்னு ரெட்டை கீல் வச்சாங்க!! 2001லருந்து 2003 வரைக்கும் எட்டாயிரத்து சொச்சம் வண்டிதான், அதோட அதைக் கட்டுன மாத்ரா கம்பெனியும் கார் தொழிலையே விட்டுருச்சு. ஸ்பேர் தேடியே மண்டை காயும், தெரியும்.

நேத்து வீட்டம்மா எட்டிப் பாத்து “பின்சீட்டுல யாரு, பூனையா உக்காரும்?”னு கேட்டா. போனை கவுத்து வச்சுட்டேன்.