வலதும் இடதும் பிரிந்த இடம்

பாரிஸிலிருந்து வெர்சாய் போய் ரயிலைவிட்டு இறங்கினால் கூட்டம் மொத்தமும் அரண்மனைப் பக்கம்தான் போகிறது. அரசியலில் வலதுசாரி, இடதுசாரி என்ற பேச்சு பிறந்த இடத்தைப் பார்க்க, நாங்கள் முதலில் எதிர்த்திசையில், அவென்யூ து பாரீ சாலையில் நடந்தோம். 22-ஆம் எண் கட்டடத்தின் பெயர் மெனு ப்ளெசீர். அரசரின் விழாக்களுக்கான மேடைச் சாமான்களைச் செய்து அடுக்கிவைத்த இடம். இப்போது பரோக் என்ற பழைய ஐரோப்பிய இசைக்கான மையம் அங்கே இயங்குகிறது.

இங்கிருந்த மண்டபத்தில்தான் 1789 மே 5 அன்று பிரெஞ்சு அரசர் பதினாறாம் லூயி மூன்று வகுப்பாரின் சபையைக் கூட்டினார். மண்டபம் இன்று இல்லை, இடித்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அன்று அரியணைக்கு வலப்பக்கம் பாதிரியார்கள், இடப்பக்கம் பிரபுக்கள்! சாமானியர்களின் பிரதிநிதிகள் எதிரே, தள்ளி உட்கார்ந்தார்கள்.

கோடைக்குள் எல்லாம் குழம்பிவிட்டது. மூன்று வகுப்பாரும் ஒரே தேசிய சபையானார்கள். ஆகஸ்ட் கடைசியில் பெரிய கேள்வி வந்தது: சபை இயற்றும் சட்டத்தைத் தடுக்க அரசருக்கு அதிகாரம் உண்டா? முழு அதிகாரம் வேண்டும் என்றவர்கள் தலைவர் நாற்காலிக்கு வலப்பக்கமும், எதிர்த்தவர்கள் இடப்பக்கமும் திரண்டார்கள். கொள்கை மட்டும் காரணமில்லை. எதிரணியின் கூச்சலுக்கும் வசவுக்கும் தப்பவே வலப்பக்கம் ஒதுங்கினோம் என்று கோவீல் (Gauville) என்ற பிரபு எழுதியிருக்கிறார். செப்டம்பர் 11 வாக்கெடுப்பில் அரசரால் சட்டத்தைத் தள்ளிப்போட மட்டுமே முடியும் என்று முடிவானது.

இடதுசாரி என்றாலே நமக்குச் செங்கொடி நினைவுக்கு வரும். அந்த இடப்பக்கத்தில் இருந்தவர்களோ பெரும்பாலும் வக்கீல்கள். அதே மண்டபத்தில் ஆகஸ்ட் 26-இல் நிறைவேறிய மனித உரிமைப் பிரகடனம், சொத்துரிமையைப் புனிதமானது என்கிறது. மார்க்ஸ் பிறக்கவே இன்னும் 29 ஆண்டுகள் இருந்தன.

அப்புறம் அக்டோபரில் பாரிஸ் பெண்கள் ரொட்டி கேட்டு வெர்சாய்க்கு வந்து, அரசரைக் கையோடு அழைத்துப் போனார்கள். சபையும் பின்னாலேயே போனது. நவம்பரிலிருந்து அது கூடியது பாரிஸின் துய்லரி தோட்டத்தை ஒட்டிய மனேஜ் என்ற குதிரைப் பயிற்சிக் கூடத்தில். நீளமான, குறுகலான அந்தக் கூடத்தில் இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் பார்த்தபடியே இருக்கைகள். இந்த அமைப்பு பிரிவை ஆற விட்டிருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது. 1792-இல் குடியரசை அறிவித்ததும், பிறகு லூயியை விசாரித்துத் தண்டனை விதித்ததும் அங்கேதான்.

அதுவும் இப்போது இல்லை. ரூ து ரிவோலி சாலை அமைத்தபோது போய்விட்டது. தோட்டத்தின் சுற்றுவேலித் தூணில் ஒரு கல்வெட்டுதான் மிச்சம். துய்லரி மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் பக்கம்தான்.