நகர மறுத்த முகடு

மார்ச் 9

இன்று காலை 500 ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்த மட்டத்தின் வானிலை வரைபடத்தைப் பார்த்தேன். தரையிலிருந்து ஏறத்தாழ ஐந்தரை கிலோமீட்டர் உயரத்தில், நேற்று வரை கிழக்கு நோக்கி நேராகப் பாய்ந்த மேலைக்காற்று, இன்று வடக்கே வில்லாக வளைந்து மீண்டும் இறங்குகிறது. அந்த வளைவைத்தான் முகடு என்கிறோம். வெளியே இன்னும் குளிர்தான்.

மார்ச் 12

நடுப்பகலில் மேற்சட்டையைக் கழற்ற வேண்டியதாயிற்று. தெற்கத்திக் காற்றே காரணம் என்கிறார்கள். அது பாதி உண்மை. முகட்டின் மேற்குப் புறத்தில் தெற்கிலிருந்து வெப்பம் வருவது சரியே. ஆனால் முகட்டோடு சேர்ந்து அமையும் உயரழுத்தப் பகுதியின் நடுவில் காற்று கீழே இறங்குகிறது. இறங்க இறங்க நெருக்குண்டு, கிலோமீட்டருக்குச் சுமார் 9.8 டிகிரி செல்சியஸ் வீதம் சூடேறுகிறது. மாலையில் சைக்கிளுக்குக் காற்றடித்தபோது பம்பின் அடிப்பகுதி விரலைச் சுட்டது. உராய்வுக்கும் அதில் பங்குண்டு என்றாலும், பாடம் அதுவே.

மார்ச் 13

வானில் பொட்டு மேகம் இல்லை.

மார்ச் 16

முகடு அதே இடத்தில் நிற்கிறது. மேலைக்காற்று வடக்கும் தெற்குமாக வளைந்தோடும் பேரலையின் வடக்கு வளைவுதான் அது. அலை கிழக்கே நகரும் வேகம் என்பது, மேலைக்காற்றின் வேகத்திலிருந்து அலைநீளத்தோடு பெருகும் ஒரு தொகையைக் கழித்தால் கிடைப்பது என்று வானிலை அறிஞர் கார்ல்-குஸ்தாவ் ராஸ்பி 1939-இல் காட்டினார். எனவே போதிய நீளமுள்ள அலை, காற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே தான் நின்றுவிடும். இத்தகைய அலைகளை வெப்பமண்டலக் கடல்மேல் திரளும் இடிமேகங்களும் கிளப்பிவிடுவதுண்டு; எங்கோ பெய்யும் மழை இங்கே வெயிலாவது எனக்கு இன்றும் வியப்புதான்.

மார்ச் 18

2012-இன் பழைய வரைபடங்களைப் புரட்டினேன். வட அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் இப்படியொரு முகடு நாள்கணக்கில் நின்றது. கனடா எல்லையை ஒட்டிய அமெரிக்க ஊரான இன்டர்நேஷனல் ஃபால்ஸில் இதே தேதியில் 26 டிகிரி பதிவாயிற்று. சில ஊர்களில் குறைந்தபட்ச வெப்பநிலையே அந்நாளுக்குரிய பழைய அதிகபட்சத்தைத் தாண்டியது. பனி முன்னரே கரைந்துவிட்டதால், அதை உருக்கச் செலவாக வேண்டிய வெயில் நேரே நிலத்தைச் சுட்டது. புவி வெப்பமயமாதல் வழக்கமான வெப்பநிலையையே சற்று உயர்த்தியிருந்தது. ஆயினும் அவ்வளவு பெரிய தாவலுக்கு முதற்காரணம் காற்றோட்டமே என்பது என் கருத்து.

மார்ச் 21

பாரமானி இறங்கத் தொடங்கியிருக்கிறது. மேற்கிலிருந்து வரும் தாழ்வுப் பள்ளம், அதாவது அலையின் தெற்கு வளைவு, முகட்டைத் தள்ளுகிறது. அதன் பின்னே வடக்கத்திக் காற்று. 2012 மார்ச்சில் ஏமாந்து துளிர்த்த மிச்சிகன் ஆப்பிள் மரங்கள், ஏப்ரல் உறைபனியில் விளைச்சலின் பெரும்பகுதியை இழந்தன. முற்றத்து மரத்தில் ஐந்தாறு மொட்டுகள் விரிந்துவிட்டன. இருட்டுவதற்குள் பழைய போர்வையொன்றை அதன்மேல் போர்த்தினேன்.