சாரல் வந்தாச்சு, தடுமமும் வந்தாச்சு

ஜூன் பிறந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்க ஆரம்பித்தால் செங்கோட்டையில் துணி காயாது, குற்றாலத்துக்கு வண்டி வண்டியாக ஆள் வரும், வீட்டுக்கு ஒருத்தருக்காவது தடுமம் பிடிக்கும். மூக்கடைப்பு, தொண்டைக் கரகரப்பு, ராத்திரி இருமல். ஆகஸ்ட் முடிகிற வரைக்கும் தெருவில் யாரைப் பார்த்தாலும் கைமருந்து ஒன்று சொல்லாமல் விடமாட்டார்கள்.

எங்கள் ஊர் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர். இன்றைக்கும் கேரளத்துப் புனலூர், தென்மலைப் பக்கம் பெண் எடுப்பதும் கொடுப்பதும் நடக்கிறது. அதனால் பல வீடுகளில் ஒரே அடுப்படியில் ரெண்டு பக்கத்து வைத்தியமும் மோதிக்கொள்ளும். எங்கள் வீட்டில் ஆச்சி ஒரு கட்சி, புனலூரிலிருந்து வந்த மதினி இன்னொரு கட்சி. ரெண்டிலும் நல்லது நிறைய இருக்கிறது. ஆனால் எவ்வளவு போடணும், எந்த வயசுக்குக் கொடுக்கலாம் என்பதை மட்டும் ரெண்டு பேருமே சொல்ல மாட்டார்கள். "ஒரு கைப்பிடி போடு" என்பார்கள், யார் கை என்று கேட்கக் கூடாது.

முதலில் சுக்குக் காப்பி. இதில் ரெண்டு கட்சிக்கும் பெரிய தகராறு கிடையாது, மதினி கடைசியில் கொஞ்சம் காப்பித்தூள் போடுவாள், ஆச்சி மல்லிதான் போடணும் என்பாள், அவ்வளவுதான். ரெண்டு டம்ளர் தண்ணீருக்குக் கட்டைவிரல் அளவு சுக்கு, ஏழெட்டு மிளகு, ஒரு ஸ்பூன் மல்லி, நாலைந்து துளசி இலை, இனிப்புக்கு உடன்குடிக் கருப்பட்டி. கால்வாசி சுண்டினால் போதும். "சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு" என்று பழமொழியே இருக்கிறது, அதனால் சுக்கின் மேல்தோலைச் சீவிவிட்டுத் தட்டுங்கள். வாங்கும்போதே ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள், வண்டு அரித்த சுக்குதான் மழைக்காலத்தில் பாதிக் கடைகளில் கிடைக்கிறது. இது சளியை விரட்டிவிடும் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன், தடுமம் ஒரு வாரம் பத்து நாள் இருந்துவிட்டுத்தான் போகும், ஆனால் சூடாக உள்ளே போகும்போது தொண்டைக்கு இதமாக இருக்கிறது, அதற்காகவே குடிக்கலாம். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் மிளகைக் குறைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கருப்பட்டியும் இனிப்புதான், "அது நாட்டுச் சரக்கு, ஒண்ணும் செய்யாது" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ஆவி பிடிப்பது பெரியவர்களுக்குச் சரி. நொச்சி இலை கிடைத்தால் போடுங்கள், கிடைக்காவிட்டால் வெறும் வெந்நீரே போதும். சின்னப் பிள்ளைகளைப் போர்வைக்குள் உட்கார வைத்து முன்னால் கொதிக்கிற பானையை வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். பிள்ளை ஒரு உதறு உதறினால் வெந்நீர் தொடையில்தான் கொட்டும், சளியை விட அந்தப் புண் ஆறுவதற்குப் பல மடங்கு நாளாகும்.

இருமலுக்கு வருவோம். ஆடு தின்னாது என்பதால் எங்கள் பக்கம் வேலிக்கு ஆடாதோடை வைப்பார்கள். அந்த இலையில் வாசிசின் என்று ஒரு சத்து இருக்கிறது. அதை வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற மருந்தை உருவாக்கினார்கள், டாக்டர் சளி இளக எழுதித் தருகிற அம்ப்ராக்சாலும் அதே வம்சம். மருந்துக் கடைக்குப் போய் வந்த இலை என்று ஆச்சிக்கு இதைச் சொன்னபோது அவளுக்கு ஒரே பெருமை. ஆனால் இந்த இலைக்குக் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் குணமும் உண்டு, கர்ப்பமாக இருப்பவர்கள் தொடவே கூடாது. இதை எங்கள் தெருவில் ஒருத்தரும் சொல்லிக் கேட்டதில்லை.

பிள்ளைகளுக்கு ராத்திரி இருமல் என்றால் படுக்கப் போகும் முன் அரை ஸ்பூன் தேன் நல்லது. ஒரு வயசு முடிந்த பிள்ளைகளுக்கு மட்டும். இதில் ஆச்சியோடு எனக்கு ஓயாத சண்டை. "பொறந்த புள்ளைக்குத் தேன் தொட்டு நாக்குல வைக்காம என்னத்தப் புள்ள வளக்கீங்க?" என்பாள். சேனை தொட்டு வைப்பது எங்கள் பக்கத்தில் பெரிய சடங்கு, மறுத்தால் மனஸ்தாபம் வரும், தெரியும். ஆனால் தேனில் பொட்டுலிசம் என்ற நோயைக் கொடுக்கிற கிருமியின் வித்துகள் இருக்கலாம், நம் வயிறு அவற்றைச் சமாளிக்கும், கைக்குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சைக் கக்கி உடம்பைத் துவள வைத்துவிடும். காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகாது. அப்புறம் வசம்பு. சுட்டு இழைத்து நாக்கில் தடவுகிற வழக்கம் இன்னும் போகவில்லை. அதில் உள்ள பீட்டா-அசரோன் என்ற பொருளால்தான் அமெரிக்காவில் 1968-லேயே அதை உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். கையில் வளையலாகக் கட்டுகிறீர்களா, பிள்ளை அதை வாயில் வைக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சிக் குழந்தை நெஞ்சில் தேய்ப்பதும் இந்தக் கணக்கில்தான் வருகிறது, கற்பூரம் உடம்புக்குள் போனால் சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரலாம்.

மதினி தலைக்குக் குளித்ததும் உச்சியில் ராஸ்னாதி பொடி ஒரு சிட்டிகை தேய்த்துவிடுவாள், பிள்ளைகளுக்கும் எனக்கும். அது நீர்க்கோவையைத் தடுக்கிறதா இல்லையா என்று வாதாட எனக்குத் தெம்பில்லை. வாசனை நன்றாக இருக்கிறது, தேய்த்துக்கொள்கிறேன்.

வயிற்றுப்போக்குக்கு மதினி கட்சிதான் ஜெயிக்கிறது. ஆச்சி ஓமத்திரவம் என்பாள், கட்டஞ்சாயாவில் (பால் சேர்க்காத டீ) எலுமிச்சை என்பாள், சாப்பாட்டை நிறுத்து என்பாள். மதினி பேசாமல் பொடியரிக் கஞ்சியை உப்புப் போட்டு வைத்துவிடுவாள். அரிசி மாவுச்சத்து குடலில் குளுக்கோசாக உடையும், குளுக்கோஸ் இருந்தால்தான் உப்பையும் தண்ணீரையும் குடல் வேகமாக உறிஞ்சும். ஓஆர்எஸ் என்கிற உப்பு-சர்க்கரைக் கரைசல் வேலை செய்வதும் இதே வழியில்தான். 1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்துப் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, சலைன் பாட்டில் தீர்ந்துபோன நிலையில் திலீப் மகலனாபிஸ் என்ற டாக்டர் உப்பும் குளுக்கோசும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமான பேரைப் பிழைக்க வைத்தார். ஓஆர்எஸ் பாக்கெட் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சும்மாவே கிடைக்கும். கையில் இல்லாவிட்டால் காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இந்த அளவில் கைப்பிடிக் கணக்கு கூடவே கூடாது, உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. ரத்தமாகப் போனாலோ, பிள்ளை ஒன்றுக்கே போகாமல் சோர்ந்து கிடந்தாலோ கஞ்சியை வைத்துக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். இந்தச் சீசனில் காய்ச்சல் மூன்று நாள் தாண்டினாலும் அப்படித்தான், டெங்கு, எலிக்காய்ச்சல் ரெண்டும் மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்றுகிற காலம்.

தோசைக்கல்லில் கை சுட்டுவிட்டால் பல்பசை, இட்லி மாவு, இங்க் எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்து இருபது நிமிஷம் கையைத் தண்ணீரில் காட்டுங்கள். ஐஸ் வைக்காதீர்கள்.

பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய் நிஜமாகவே கேட்கும், அதிலுள்ள யூஜினால் அந்த இடத்தை மரக்க வைக்கும். ஆனால் நேரடியாக ஊற்றினால் ஈறு வெந்துபோகும். ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயில் ஒரு சொட்டு கலந்து, பஞ்சில் தொட்டு, அந்தப் பல்லில் மட்டும் வையுங்கள், பிள்ளைகளுக்கு வேண்டாம். ராத்திரியை ஓட்டிவிட்டுக் காலையில் பல் டாக்டரிடம் போங்கள்.